அண்ணனின் ட்ரங்க் பெட்டியும் ஊர் வைக்கச் சொல்லும் சிலையும்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கடைசித்தம்பி:
வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் ராணுவத்தில் கேப்டன். காஷ்மீரில் ஒரு தேடுதல் வேட்டையில் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அப்புறம் சேனா மெடல் கொடுத்தார்கள். மெடலும் உடல்மீது போர்த்தி வந்த கொடியும் அண்ணியிடம் இருக்கின்றன. அண்ணி நாலு வருஷத்துக்கு முன்னால் மறுமணம் செய்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்குப் போன் வரும்.

எங்கள் வீட்டில் இருப்பது அவன் யூனிட்டிலிருந்து வந்த கறுப்பு ட்ரங்க் பெட்டி மட்டும்தான். மேலே வெள்ளை பெயின்ட்டில் ரேங்க், பெயர், யூனிட் எழுதியிருக்கும். வந்த அன்றைக்கு அப்பா திறந்து பார்த்துப் பூட்டியதுதான். அப்பாவும் போய்விட்டார், சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அம்மா அதன்மேல் ஒரு துண்டை விரித்து, அதில் உட்கார்ந்துதான் டிவி பார்ப்பார்.

இப்போது ஊர்ப் பையன்கள் சேர்ந்து பஸ் ஸ்டாப் பக்கத்தில் அண்ணனுக்கு வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்கிறார்கள். பாதி வசூல் முடிந்துவிட்டதாம். அம்மா “எதுவும் வேண்டாம்” என்கிறார், அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார். என் கேள்விகள்: சிலைக்குச் சரி என்று சொல்லலாமா? பெட்டியைத் திறந்தால் துணிமணிகளை எப்படிப் பாதுகாப்பது? அம்மாவுக்காக மெடலை அண்ணியிடம் திருப்பிக் கேட்பது தப்பா?

ரிட்டயர்டு கிளார்க்:
தம்பி, நான் இருபத்து நாலு வருஷம் சர்வீஸ், கடைசியில் கிளார்க் ஹவில்தார். உங்கள் வீட்டுக்கு வந்த மாதிரிப் பெட்டிகளை நாங்களே கட்டி அனுப்பியிருக்கிறோம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய சொந்தப் பொருள்களைக் கணக்கெடுக்க ஒரு குழு போடுவார்கள், கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். கேட்க ஏதோ ஆபீஸ் விவகாரம் மாதிரி இருக்கும். ஒரு முறை அதில் உட்கார்ந்தவன் மறுமுறை லீவு கேட்பான். ஒருவர் பொருளை எடுத்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி, ஷேவிங் பிரஷ் ஒன்று, சாமி படம் ஒன்று என்று அப்படியே போகும். எங்கள் யூனிட்டில், வீட்டிலிருந்து வந்த தின்பண்டம் மாதிரிக் கெட்டுப்போகும் சாமானை அனுப்ப மாட்டோம், ஆனால் அதையும் பட்டியலில் ஏற்றி, அழித்துவிட்டோம் என்று கையெழுத்துப் போடுவோம். உங்கள் பெட்டிக்குள்ளும் டைப் அடித்த பட்டியல் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அதைத் தேடிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொருளெல்லாம் அப்புறம்.

கொடி அண்ணியிடம் இருப்பதுதான் முறை. கொடியைச் சவப்பெட்டிமேல் போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் வரும். கொடியைக் குழியில் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. அதனால்தான் அது வீட்டாரின் கைக்கு வருகிறது. அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். மெடலும் அப்படித்தான். அரசாங்கம் கணவனை இழந்தவர் என்று அவர் கையில் கொடுத்தது, மறுமணம் செய்தார் என்பதற்காக அந்த இழப்பு இல்லாமல் போய்விடுமா? மெஸ் டிரெஸ்ஸில், அதாவது ராணுவ விருந்துகளுக்குப் போடுகிற உடையில், குத்திக்கொள்கிற மினியேச்சர் மெடல் கன்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். சேனா மெடல் ரிப்பன் சிவப்பு, நடுவில் வெள்ளைக் கோடு. ஒன்று வாங்கி அம்மாவுக்குச் சின்ன ஃபிரேமில் போட்டுக் கொடுங்கள். பின்பக்கம் “நகல்” என்று மறக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் நாற்பது வருஷம் கழித்து எது அசல் என்று பேரப்பிள்ளைகள் சண்டை போடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அம்மாவுக்கு உடம்பு முடிந்தால் ஒரு தடவை டெல்லி கூட்டிப் போங்கள். இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், தியாகச் சக்கரம் என்கிற வட்டச் சுவர்களில் ஒருவருக்கு ஒரு கிரானைட் கல் வீதம் பெயர் வெட்டியிருக்கிறார்கள். திறந்தபோதே கிட்டத்தட்ட 26,000 பெயர்கள். தினம் சாயங்காலம் இறந்தவர் குடும்பத்தைக் கூப்பிட்டு மலர்வளையம் வைக்கச் சொல்கிற சடங்கு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

மஸ்லின்:
துணிகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், பழைய பொருள்களைப் பராமரிக்கிற வேலைதான் எனக்கு.

தயவுசெய்து சீருடையைத் துவைக்காதீர்கள். அழுக்கு, கறை, வாசனை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பொருள், ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் போட்டால் திரும்ப வராது. வெயிலிலும் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட ஒரு நாள் போதும். இரும்புப் பெட்டி துருப்பிடித்திருக்கும், துரு துணியில் ஏறினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். அதனால் கஞ்சி போடாத பழைய வேட்டி ஒன்றை நன்றாக அலசிக் காயவைத்துப் பெட்டிக்குள் விரித்து, அதன்மேல் வையுங்கள். மடிப்புக்குள் துணியை உருளையாகச் சுருட்டி வைத்தால் மடித்த இடத்தில் இழை விடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டையைத் துணியோடு ஒட்டப் போடாதீர்கள், அப்புறம் அண்ணன் சட்டையில் அந்துருண்டை வாசனை மட்டும்தான் இருக்கும். வசம்பைச் சின்னத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

இன்லேண்ட் லெட்டர் இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள். லேமினேஷனைப் பிறகு பிரிக்க முடியாது. சேனா மெடல் வெள்ளி, அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி திருநீறு போட்டுத் தேய்த்தால் விளிம்பில் வெட்டிய பெயர் மழுங்கிப்போகும். கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று, அண்ணனின் பழைய போன். பதினோரு வருஷம் என்றால் யாரிடமாவது அவர் குரல் பதிவு இருக்கலாம், கல்யாண வீடியோவில் பின்னால் பேசுகிற சத்தமாவது இருக்கும். முதலில் அதைக் காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சட்டை அறுபது வருஷம் கூட இருக்கும், போன் மெமரி இருக்காது.

வாய்க்கால்வரப்பு:
சிலை விஷயத்தில் உங்கள் அம்மா சரி. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே பொதுச் சாலை, நடைபாதையிலெல்லாம் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. பஸ் ஸ்டாப் பக்கம் என்றாலே அந்தச் சிக்கல் வரும். அதை விடுங்கள், அனுமதி கிடைத்தே விட்டது என்று வையுங்கள், அப்புறம் என்ன? சிற்பி போட்டோவைப் பார்த்துச் செய்வார், உங்கள் அண்ணனுக்கு இல்லாத மீசையை முறுக்கி வைப்பார். மூன்று வருஷத்தில் ஜாதிச் சங்கம் ஒன்று வந்து “எங்க ஆளு” என்று மாலை போடும், இன்னொன்று சண்டைக்கு வரும், போலீஸ் கம்பிக் கூண்டு போட்டுப் பூட்டும். நாட்டுக்காகச் செத்த மனுஷனைச் சொந்த ஊரில் கூண்டுக்குள் நிறுத்துவதா? எங்கள் பக்கத்து ஊரில் இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

பெயர் வையுங்கள். திருச்சியில் மேஜர் சரவணன் சாலை என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நேரே கொண்டுபோய் விடுவார். 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதியில் இறந்தவர், பீகார் ரெஜிமென்ட், வீர் சக்ரா. உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஊரில் அவருக்கு நினைவிடமும் உண்டு, வருஷா வருஷம் மே 29க்கு மலர்வளையம் வைக்கிறார்கள். ஆனால் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவர் பெயரைச் சொல்ல வைப்பது அந்தச் சாலைதான். சென்னையில் ஆற்காடு சாலைப் பக்கம் பரமேஸ்வரன் விஹார் என்று ராணுவக்காரர் குடியிருப்பு இருக்கிறது. 1987 நவம்பர் 25இல் இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர்தான். அங்கே குடியிருப்பவர் ஆன்லைனில் செருப்பு வாங்கினாலும் அவர் பெயரை எழுதித்தான் வாங்க வேண்டும்!

உங்கள் ஊர்த் தெருவுக்கோ நூலகத்துக்கோ பெயர் வைக்க, அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். வசூலான பணத்தை என்ன செய்வது என்று பையன்களையே கேளுங்கள், இல்லாவிட்டால் முகம் கோணும்.

கல்வெட்டுக் கிறுக்கன்:
எல்லோரும் சேர்ந்து அந்தப் பையன்களை வில்லனாக்க வேண்டாம். செத்தவனுக்குக் கல் நிறுத்த வேண்டும் என்று தோன்றுவது நம் ஊரில் நேற்று வந்த பழக்கமா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. ஆகோள் பூசலில், அதாவது மாடு பிடிக்கிற சண்டையில், செத்தவனின் பெயரும் ஊரும் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்தக் கல்லில் நிற்கின்றன. தொல்காப்பியம் கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்தெடுப்பதே ஒரு சடங்கு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

ஆகவே நடுவில் ஒரு வழி: உருவம் வேண்டாம், கல் போதும். உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் ரோட்டோரமாக ஓர் ஆள் உயரக் கருங்கல். பெயர், ரேங்க், யூனிட், தேதி, இடம். அவ்வளவுதான். கவிதை எழுத ஒருத்தர் வருவார், விடாதீர்கள். வசூல் செய்த பையன்களையே கல் பார்க்க அழைத்துப் போங்கள். எழுத்தைக் கையால் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், பெயின்ட் அடித்த எழுத்து நாலு மழைக்குத் தாங்காது.

நாலாவது வீடு:
மெடலைப் பற்றி ஒன்று. அண்ணி இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன், அதனால் சொல்கிறேன். மாமியார் வீட்டிலிருந்து “திருப்பிக் கொடு” என்று வந்திருந்தால் நான் உடைந்தே போயிருப்பேன். ஆனால் “அம்மா ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார், கொண்டுவர முடியுமா” என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். தம்பி, கேட்கிற விதத்தில் இருக்கிறது. மெசேஜ் அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள்.

கடைசித்தம்பி:
எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, இப்போதுதான் முடிந்தது.

பையன்களோடு உட்கார்ந்து பேசினேன். முதலில் இரண்டு பேர் எழுந்து போனார்கள், மறுநாள் அவர்களே கல் குவாரி விலாசத்தோடு வந்தார்கள். எங்கள் கிணற்று மேட்டில், ரோட்டைப் பார்த்து வைக்கலாம் என்று முடிவு. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணிக்குப் போன் பண்ணினேன். நான் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் “இந்த ஞாயிறு வரட்டுமா?” என்றார். வந்தார், அவருடைய கணவரும் வந்தார். நாலு பேர் முன்னால்தான் பெட்டியைத் திறந்தோம், பூட்டைக் கம்பியால் நெம்ப வேண்டியதாகிவிட்டது. மேலாகப் பீக் கேப், அடியில் ஸ்வெட்டர், காய்ந்து கல்லாகிப்போன செர்ரி பிளாசம் ஷூ பாலிஷ் டப்பா, ஒரு பையில் இன்லேண்ட் லெட்டர்கள். மூடியின் உட்பக்கம் செருகியிருந்தது கிளார்க் ஐயா சொன்ன பட்டியல். இங்கிலீஷில் டைப் அடித்தது. அம்மா படிக்கச் சொன்னார், நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முப்பத்து நாலாவது வரி: பாட்டில் ஒன்று, ஏதோ பொடி, பாதி, அழிக்கப்பட்டது. அம்மா மெடலை மடியில் வைத்துக்கொண்டு, “பாதியா இருந்துச்சு? அப்போ பாதி சாப்பிட்டிருக்கான். பருப்புப் பொடி, அந்த லீவுக்குத்தான் அரைச்சுக் கொடுத்தேன்” என்றார். திரும்பத் திரும்ப அந்த வரியையே படிக்கச் சொன்னார்.

மெடலை அண்ணியே கொண்டுபோய்விட்டார், பட்டியலை அம்மா வைத்துக்கொண்டார். ஸ்வெட்டரை மட்டும் மஸ்லின் சொன்ன மாதிரி வைக்க முடியவில்லை, அம்மா ராத்திரி போர்த்திக்கொள்கிறார். அதை நான் தடுக்கப்போவதில்லை.

ஒரே ஒரு உதவி. உடைந்த பூட்டு பழைய பித்தளைப் பூட்டு. புதிதாக வாங்கிய பூட்டு அந்தக் கொண்டியில் சேரமாட்டேன் என்கிறது. அதே மாதிரி எங்கே கிடைக்கும்?

ஏழு லீவர்:
திண்டுக்கல்தான் நான். உடைந்த பூட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், கொண்டியின் கனத்தையும் அளந்து எழுதுங்கள். இங்கே எங்கள் தெருவிலேயே கையால் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரால் பழசையே சரி செய்ய முடிகிறதா என்று முதலில் கேட்டுச் சொல்கிறேன்.