பிங் போகிறது, ஃபைல் மட்டும் நகர மாட்டேன் என்கிறது

எம்.சி.ரோடு பில்லிங்காரன்:
பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கீழே சர்வரும் நாலு பில்லிங் கவுண்டரும், இரண்டாவது மாடியில் குடோன். குடோன் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பழைய ஸ்விட்ச் போன வாரம் உயிரை விட்டது. ரிச்சி தெருவில் எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்கி மாட்டினேன். செட்டிங் எதுவும் கிடையாது, சொருகினால் ஓடும் ரகம். அன்றைக்குப் பிடித்தது தலைவலி.

காலையில் ஒன்றும் தெரியாது. கூட்டம் ஏறினால் குடோனில் ஸ்டாக் திரை உறைந்துவிடுகிறது. சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் போட்டால் ஒரு மில்லி செகண்டில் பதில், ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் சேலைப் படங்கள் 300 எம்பி மாடிக்குப் போக நாற்பது நிமிடம்! ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியும் அதே கதைதான். கீழ் ஸ்விட்சில் குடோனுக்குப் போகும் போர்ட்டில் சிஆர்சி எரர், அதாவது சிதைந்து வந்த டேட்டாவின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போகிறது. கேபிளை மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் அதைச் சொன்னால் முதலாளி என்னை உடைத்துவிடுவார்.

காசிமேடு கேபிள்:
சிஆர்சி என்றால் கேபிள்தான் ப்ரோ. எங்கள் பக்கம் உப்புக்காற்றில் பின் எல்லாம் பச்சை பூத்துவிடும். முனையை வெட்டிப் புது பிளக்கை அழுத்தி கிரிம்ப் பண்ணிப் பாருங்கள்.

திருவொற்றியூர் பழைய வயர்மேன்:
கிரிம்பிங் அப்புறம் பார்க்கலாம். தம்பி, கீழ் ஸ்விட்சில் அந்த போர்ட் எதிர்ப்பக்கத்தோடு தானே பேசி வேகத்தை முடிவு செய்யும் ஆட்டோவில் இருக்கிறதா, யாராவது வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்களா?

எம்.சி.ரோடு பில்லிங்காரன்:
அட, ஆமாம் அண்ணே. 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டியிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் வேலை. போர்ட்டின் பெயரையே 'தொடாதே' என்று வைத்திருக்கிறார். ஆனால் மேலேயும் 100-க்கான விளக்குதானே எரிகிறது, அப்புறம் என்ன சண்டை?

திருவொற்றியூர் பழைய வயர்மேன்:
வேகத்தில் சண்டை இல்லை, டூப்ளெக்ஸில்தான். ஆட்டோவில் இருக்கும் போர்ட், கேபிள் சொருகியதும் 16 மில்லி செகண்டுக்கு ஒரு முறை சின்னத் துடிப்புகளைக் கொத்தாக அனுப்பும். 'எனக்கு 1000, அதாவது கிகாபிட் வரும், 100 வரும், ஃபுல் வரும், ஹாஃப் வரும்' என்று தன் சரக்கையெல்லாம் அதில் சொல்லிவிடும். எதிர்ப்பக்கமும் சொல்லும். இரண்டுக்கும் பொதுவானதில் மேலானதை எடுத்துக்கொள்வார்கள். 1995-இல் 100 மெகாபிட்டோடு வந்த ஏற்பாடு இது.

வேகத்தைக் கட்டிப்போட்ட உங்கள் போர்ட் அந்தத் துடிப்பை அனுப்புவதில்லை, நேராக 100-இன் சிக்னலைத்தான் விடுகிறது. மேலே இருக்கும் ஸ்விட்ச் சிக்னலைப் பார்த்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். ஃபுல்லா ஹாஃபா என்பது சிக்னலில் தெரியாது. தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பதுதான் விதி.

காசிமேட்டு விசைப்படகில் விஎச்எஃப் செட் பார்த்திருப்பீர்கள். பட்டனை அழுத்தி ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும், அதுதான் ஹாஃப். ஃபுல் என்பது டெலிபோன். உங்கள் மாடி செட்டில் பேசுகிறது, கீழே டெலிபோனில் பேசுகிறார்கள். மாடி ஸ்விட்ச் அனுப்பிக்கொண்டிருக்கும்போது கீழிருந்து ஏதாவது வந்தால், மோதல் என்று நினைத்து மாடி பாதியில் நிறுத்திவிடும். அந்த அரைகுறை டேட்டாத் துண்டு, அதாவது ஃபிரேம்தான் கீழே சிஆர்சி எரராக விழுகிறது. பிங் சின்னது, ஒன்று போய் ஒன்று வருவது, மோத வாய்ப்பே குறைவு. ஃபைல் காப்பியில் டேட்டா ஏறும்போதே 'வந்துவிட்டது' என்ற ஒப்புகை இறங்கும், மோதிக்கொண்டே இருக்கும். செத்துப்போன ஸ்விட்சிலும் 100 ஃபுல் என்று கட்டியிருப்பார்கள், அதனால் இத்தனை நாள் தெரியவில்லை.

புது ஸ்விட்சில் கட்ட வழியில்லை. கீழே ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

எம்.சி.ரோடு பில்லிங்காரன்:
மாற்றினேன் அண்ணே. இப்போது லிங்க்கே நிற்கவில்லை, விளக்கு வருகிறது, போகிறது. திரும்ப 100 ஃபுல் போட்டால் நிற்கிறது. 'தொடாதே' என்றவர் சும்மா சொல்லவில்லை போல.

திருவொற்றியூர் பழைய வயர்மேன்:
சும்மா சொல்லியிருக்க மாட்டார். அந்த முனையில் எட்டு கம்பியும் இருக்கிறதா பாருங்கள்.

எம்.சி.ரோடு பில்லிங்காரன்:
திறந்து பார்த்தேன். ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் மட்டும்தான் பிளக்கில். நீலமும் பழுப்பும் தனியே பிரிந்து குடோன் இன்டர்காமுக்குப் போகின்றன!

காசிமேடு கேபிள்:
கேபிள்தான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

திருவொற்றியூர் பழைய வயர்மேன்:
பாதி மார்க் உங்களுக்கு. 100-க்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். ஆனால் அந்தத் துடிப்புப் பேரம் நடப்பது 1, 2, 3, 6 பின்களில், அதாவது உங்கள் ஆரஞ்சு, பச்சையில். அதனால் இரண்டு பக்கமும் 1000 என்று கை குலுக்கிவிட்டு, வேலையைத் தொடங்கப் போனால் மீதி ஜோடிகள் இல்லை. விழுந்து எழுந்து மறுபடியும் கை குலுக்குகின்றன. சில ஸ்விட்ச் தானே 100-க்கு இறங்கிவிடும், உங்களுடையது இறங்கவில்லை. அந்தக் காலத்து ஆள் இதற்குத்தான் கட்டிவைத்திருப்பார். நானே அப்படி எத்தனையோ கட்டியிருக்கிறேன்.

சுவரை உடைக்க வேண்டாம். ஆட்டோவிலேயே விடுங்கள், ஆனால் 1000-ஐச் சொல்லாமல் 10, 100 மட்டும் சொல்லும்படி வையுங்கள். செட்டிங் இருக்கும் ஸ்விட்ச் பலவற்றில் அந்த வசதி உண்டு. துடிப்பும் போகும், ஃபுல்லும் பேசி முடிவாகும்.

எம்.சி.ரோடு பில்லிங்காரன்:
வைத்தேன் அண்ணே. 100 ஃபுல், லிங்க் அசையவில்லை. 300 எம்பி அரை நிமிடத்துக்குள் ஏறிவிட்டது, மதியத்திலிருந்து எரர் ஒன்றுகூட ஏறவில்லை. இன்டர்காமைக் கழற்றினால் கிகாபிட்டே வரும் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ மேலே இருக்கிறவனை எப்படிக் கூப்பிடுறது?" என்றார். போர்ட்டின் பெயரை 'இன்டர்காம் ஜோடி, 100 மட்டும்' என்று மாற்றிவிட்டேன்.