மறுமொழி: ஸ்காஃபோல்டிங் – சாரமா, முட்டா, பந்தலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கற்கிறவருக்கு வேண்டிய அளவு கைகொடுத்து, பழகப் பழக விலகிக்கொள்வதை உளவியலில் ஸ்காஃபோல்டிங் என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் தொடக்கத்தில் ஒரு வரி எழுதியதோடு சரி, பத்து நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எழுத வைத்தது போன வாரம் திருத்திய ஒரு விடைத்தாள். வளர்ச்சி உளவியல் உள்தேர்வு, ஐந்து மதிப்பெண் கேள்வி, ஸ்காஃபோல்டிங் பற்றி. வகுப்பில் நான் அதைச் சாரம் என்றுதான் சொல்லியிருந்தேன், கட்டடத்துக்குக் கட்டுவார்களே அந்தச் சாரம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "குழந்தை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, கற்றலின் சாரத்தை ஆசிரியர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும்."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். அவள் எழுதியது நான் சொன்னதேதான். சொல் காலை வாரிவிட்டது. நாலு மதிப்பெண் போட்டேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். புத்தகம் ஆங்கிலம், வகுப்பில் பேச்சு தமிழ், விடைத்தாளில் இரண்டும் கலந்து வரும். ஓமலூர், வாழப்பாடி, ஏற்காட்டு மலைக் கிராமங்கள் என்று பல பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகள். பாதிப் பேர் பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. ஒரு சொல் சரியாக அமைந்தால் அன்றைக்குப் பாடம் அரை மணியில் முடியும். அமையாவிட்டால் அடுத்த வாரமும் அதே பாடம்தான்.

கருத்தை முதலில் சரிபார்த்துக்கொள்வோம். இழையில் வந்த சொற்களில் பாதி வெறும் 'உதவி' என்பதோடு நின்றுவிடுகின்றன. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் இந்தப் பொருளில் வேரூன்றியது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேர். ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்ட வேண்டும். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒருவர். அவர் செய்த வேலை ஒவ்வொரு வயதுக்கும் மாறியதுதான் சுவாரசியம். மூன்று வயதுக் குழந்தையைக் கட்டைப் பக்கம் இழுத்து உட்காரவைப்பதே பெரும்பாடு. நான்கு வயதுக்கு வாயால் சொல்லித் திருத்தினால் ஓரளவு போதும். ஐந்து வயதுப் பிள்ளை, செய்தது சரியா என்று பார்த்துக்கொள்ளத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தது.

இன்னொன்று, இது ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கியின் சொல் என்று நம் குழுவிலேயே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். என் மாணவர்களும் வருஷா வருஷம் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் 1934இல், 37 வயதில் இறந்துவிட்டார். சொல் வந்தது அதற்கு 42 வருஷம் கழித்து. தனியாக முடியாது, துணை இருந்தால் முடியும் என்கிற அந்த இடைவெளி அவருடையது. அங்கே கட்டுகிற அமைப்புக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த மூவர்.

இனி ஒரு காட்சி. அம்மாபேட்டையில் என் எதிர்வீடு. ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழா நேரம், வ.உ.சி. மார்க்கெட்டில் பூ விலை கேட்டால் தலை சுற்றும். பாட்டி உதிரிப்பூவாக வாங்கி வந்து வீட்டிலேயே கட்டுவார். ஆறு வயதுப் பேத்திக்கு அந்த வருஷம்தான் கட்டப் பழக்கினார். முதல் நாள் பாட்டியே காம்பு காம்போடு சேர, மேலே இரண்டு பூ, கீழே இரண்டு பூ என்று வைத்து விரலால் பிடித்துக்கொண்டார். குழந்தைக்கு ஒரே வேலை, நனைத்த வாழைநாரைச் சுற்றி முடிச்சை இழுப்பது. இறுக்கினால் காம்பு அறுந்துபோகும். தளர விட்டால் பூ நழுவும். "அறுந்தா அறுந்துட்டுப் போவுது, அடுத்ததை எடு" என்பார் பாட்டி. நான்கு நாள் கழித்துப் பூவை வைப்பதும் குழந்தையின் வேலை. பாட்டி வாயால் மட்டும், "மேலே ரெண்டு, கீழே ரெண்டு." அப்புறம் வெறும் "ம்". ஒரு சாயங்காலம் பால் பொங்குகிறது என்று பாட்டி உள்ளே ஓடினார். திண்ணையில் குழந்தை தனியாக உட்கார்ந்து முணுமுணுக்கிறாள்: "மேலே ரெண்டு, கீழே ரெண்டு."

ஆர்வத்தை இழுப்பது, வேலையைச் சுருக்கிக் கொடுப்பது, குறி தப்பாமல் பார்த்துக்கொள்வது, முக்கியமானதைச் சுட்டுவது, சலிப்பைத் தணிப்பது, செய்துகாட்டுவது என்று அந்தக் கட்டுரை சொல்லும் ஆறும் திண்ணையில் இருக்கின்றன. கடைசியில் விலகிக்கொள்வதும் இருக்கிறது. நமக்கு வேண்டிய சொல் இந்த விலகலையும் தாங்க வேண்டும். என் அளவுகோல் இது ஒன்றுதான். கட்டுவதற்கு ஒரு வினை, எடுப்பதற்கு ஒரு வினை, இரண்டும் அந்தச் சொல்லோடு இயல்பாகச் சேர வேண்டும்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் பல சொற்கள் தாமே உதிர்கின்றன. 'ஆதரவு', 'துணை' ரொம்பப் பொது. 'தாங்கல்' என்றதும் எனக்கு மனத்தாங்கல்தான் வருகிறது. 'ஊன்றுகோல்' ஆயுசுக்கும் கூட வரும். 'நடைவண்டி' சொன்னவரைப் பாராட்ட வேண்டும், குழந்தையின் வாசனை உள்ள சொல். ஆனால் நடைவண்டி முதல் நாள் எப்படியோ கடைசி நாளும் அப்படியே. குழந்தைக்குத் தக்கபடி அது மாறாது.

'கொழுகொம்பு' மேல் பலருக்கு ஆசை. எனக்கும்தான், அழகான சொல். ஏற்காட்டுக்கு வந்து பாருங்கள். காப்பித் தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடி வளர்ந்துவிட்டது என்று யாராவது மரத்தை எடுத்துவிடுவார்களா? எடுத்தால் கொடி தரையில்தான். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

இதை வகுப்பில் சொன்னபோது மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் எழுந்தான். "அப்ப நாத்துப் பந்தல்னு வைக்கலாமே மேம்." காப்பி நாற்றுக்கு மேலே நிழல்பந்தல் போடுவார்கள். மழை பிடித்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து நாற்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். "ஒரே நாள்ல பிரிச்சா இலை கருகிடும் மேம்." பத்து பக்கப் பாடத்தை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். விலகலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் சொல்லாக ஏற்க மனம் வரவில்லை. பந்தல் என்றதும் கல்யாணம் வந்துவிடுகிறது, அது இருக்கட்டும். பந்தலுக்கு அடியில் நாற்று சும்மா நிற்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை சும்மா நிற்கவில்லையே, விரலெல்லாம் நாராக வேலை செய்தாள். பந்தல் உதாரணமாக இருக்கட்டும். இனி ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

அப்புறம் முட்டு. இழையின் தொடக்கத்தில் 'முட்டுக்கொடுத்தல்' நன்று என்று ஒரு வரி எழுதியது நான்தான். இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முட்டு என்றால் ஏதோ சாயப்போகிறது என்று பொருள். இந்தக் காலத்தில் வேறு, 'முட்டுக்கொடுக்கிறான்' என்றால் கட்சிக்காரர் தன் தலைவரைக் காப்பாற்றுவது. ஆசிரியர் மாணவனுக்கு முட்டுக்கொடுத்தார் என்று எழுதினால் விசாரணைக் குழுதான் நினைவுக்கு வரும்.

ஆக, சாரத்துக்கே திரும்பி வந்தேன். எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வேலை நடக்கிறது. மதிய இடைவேளையில் மேஸ்திரியிடம் போய், "அண்ணா, சாரத்தை எப்பப் பிரிப்பீங்க?" என்றேன். வீடு பார்க்க வந்தவள் என்று நினைத்திருப்பார். "ஒட்டுக்கா பிரிக்க மாட்டோம் அம்மா. வெளிப்பூச்சு மேலேர்ந்துதானே வரும்? மேலே முடிய முடியச் சாரத்தை இறக்கிட்டே வருவோம்" என்றார். சுவரில் அங்கங்கே ஓட்டைகள் தெரிந்தன. அது என்ன என்று கேட்டேன். குறுக்குக் கட்டை செருகிய ஓட்டையாம், கடைசியில் அடைப்பார்களாம்.

எனக்கு அங்கேயே நின்றுவிடலாம் போல இருந்தது. ஒரேயடியாகப் பிரிப்பது கிடையாது, இறக்கிக்கொண்டே வருவது. உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது ஃபேடிங் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு 'மங்கல்', 'மறைதல்' என்று நாம் தடவிக்கொண்டிருந்தோம். 'சாரம் இறக்குதல்' வேலை செய்கிறவர் வாயிலேயே இருக்கிறது. அந்த ஓட்டைகள் எனக்குத் திண்ணையில் கேட்ட முணுமுணுப்பு. பாட்டி விலகிவிட்டார், அவருடைய சொல் குழந்தையின் வாயில் நிற்கிறது. இப்படிக் குழந்தை தனக்குத்தானே பேசுவதைச் சுவிஸ் உளவியலாளர் பியாஜே தன்மையப் பேச்சு என்றார். அது மெல்ல உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார் விகோட்ஸ்கி. இருவரும் 1896இல் பிறந்தவர்கள். இந்த முணுமுணுப்பில் ஒத்துப்போகவில்லை.

இனிச் சிக்கலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதைப் படித்து நானும் சிரித்தேன். அவர்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. "ஆசிரியர் பிள்ளைக்குச் சாரம் கட்டிவிட்டார், பிறகு மெல்ல அவிழ்த்துவிட்டார்" என்று வாசித்தால் பாடம் நடந்த மாதிரித்தான். நம் பக்கத்திலும் திருநெல்வேலி, நாகர்கோவிலில் லுங்கிக்கு அதே பெயர் உண்டு. என் வகுப்பில் தென்காசிப் பையன் ஒருவன் பாடம் முழுக்க ஏன் குனிந்தே இருந்தான் என்று இப்போதுதான் புரிகிறது.

இது போக, சாறு, உட்பொருள் என்கிற இன்னொரு சாரம். முன்னால் 'கற்றல்' சேர்த்தால் தெளிவாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். பாருங்கள், 'கற்றல் சாரம்' இன்னும் மோசம். அந்தப் பெண்ணின் விடைத்தாள் அப்படியே திரும்பி வருகிறது. பின்னால் சேர்க்க வேண்டும். சாரக்கட்டு. உட்பொருளுக்கு யாரும் கட்டுப் போடுவதில்லை. கற்றல் சாரக்கட்டு, மொழிச் சாரக்கட்டு என்று நீட்டினாலும் குழம்பாது. சார்ந்து நிற்பது என்ற பொருள் காதில் விழுவது கூடுதல் லாபம்.

வினைக்குச் சாரங்கட்டுதல், சாரமிறக்குதல். அவிழ்த்தல் என்ற வினையை மட்டும் இந்தச் சொல்லின் பக்கம் யாரும் விட வேண்டாம்.

ஒரு நண்பர் கேட்ட கேள்வி கனமானது. நாம் நடத்தும் பாடத்தின் பெயர் குழந்தை வளர்ச்சி இல்லையே, வாழ்நாள் வளர்ச்சி ஆயிற்றே, முதுமையில் இந்தச் சொல் என்னவாகும் என்றார். சரியான இடத்தில் கை வைத்தார். டெனிஸ் பார்க், பட்ரீஷியா ராய்டர்-லோரென்ஸ் இருவரும் 2009இல் எழுதிய கட்டுரையில் இதே ஸ்காஃபோல்டிங்தான் வருகிறது, ஆனால் மூளைக்குள். வயதாகும் மூளை, ஒரு வேலைக்கு வழக்கமான பாதை போதாதபோது வேறு பகுதிகளையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. அங்கே கட்ட பாட்டி வருவதில்லை, மூளையே கட்டிக்கொள்கிறது. இறக்குவது பற்றியும் பேச்சில்லை. அப்படியானால் அங்கே மட்டும் முட்டு போடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். பழைய சுவர், முட்டு, படம் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் இளவயதில் புதுத் திறன் பழகும்போதும் மூளை இப்படிச் செய்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். முட்டு என்று வைத்தால் அந்தப் பாதி போய்விடும், கிழடு தட்டிய மூளை மட்டும்தான் மிஞ்சும். அதனால் அங்கேயும் சாரக்கட்டுதான், 'மூளைச் சாரக்கட்டு'.

விகோட்ஸ்கியின் அந்த இடைவெளிக்கு 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று எழுதுகிறோம். மண்டலம் என்றதும் சேலத்துப் பிள்ளைகளுக்கு அஸ்தம்பட்டி, சூரமங்கலம் மாநகராட்சி மண்டலம். இல்லையென்றால் 48 நாள் விரதம். கை எட்டும் எல்லை என்ற பொருளில் 'எட்டு எல்லை' என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். வாழ்க்கையை எட்டாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சனின் எட்டுப் பருவங்களைக் கொண்டுவந்து அதில் நிரப்பினார்கள். அதற்கு வேறு இழை திறப்போம், இங்கே வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு ஒரு கேள்வி. சாரக்கட்டு என்று சேர்த்துச் சொன்னாலும் உங்கள் பிள்ளைகளுக்கு இடுப்புத்தான் நினைவுக்கு வருமா? வரும் என்றால் மறுபடி யோசிக்கிறேன். திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன், அந்தப் பெண் மீதி ஒரு மதிப்பெண் ஏன் போனது என்று கேட்பாள்.