அண்ணன் கேஸ் தம்பிக்கு உதவுமா? முகாமிலிருந்து லண்டன் அசைலம் பற்றி

வாணியாறு:
தருமபுரி, கிருஷ்ணகிரி அணையோரத்து இலங்கைத் தமிழ் அகதி முகாம்களில், வாணியாறு, நாகாவதி, தும்பலஅள்ளி, பாம்பாறு என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: அண்ணனை லண்டனில் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், பல வருஷம் கழித்துத் தம்பி அங்கே போய் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டால் அண்ணன் கேஸ் கைகொடுக்குமா? கொடுக்கும் என்பது என் கட்சி. ஒருவரை அகதியாக ஏற்க 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் ஐந்து காரணங்களில் 'குறிப்பிட்ட சமூகக் குழு' ஒன்று. குடும்பமும் அப்படி ஒரு குழுவாகலாம் என்று 2006ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைத் தீர்ப்பே (அன்று அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம்) இருக்கிறது. கணவன் சிறையில் இருக்க, வீடு தேடி வந்து மனைவியைக் கொடுமை செய்த வழக்கு அது. அவர் ஓர் ஈரானியப் பெண். கணவனை எந்தக் காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்பது முக்கியமில்லை, அவன் மனைவி என்பதால் குறிவைக்கப்பட்டதே போதும் என்றார்கள். தம்பிக்கும் அதே கணக்குதானே?

தென்பெண்ணை:
இல்லைங்க அண்ணா. அந்தப் பெண்ணையே நேரில் வந்து தாக்கினாங்க. அவங்க வென்றது தனக்கு நடந்ததை வைத்து. உறவு காரணத்தை மட்டும்தான் கொடுத்தது. நீங்க எழுதியதை முகாமில் படிக்கிறவர் வாரிசு சான்றிதழ் மாதிரி எடுத்துக்குவார்.

பிரிட்டனில் அகதியின் குடும்பம் சேரும் வழி கணவன், மனைவி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. அதற்கும் 2025 செப்டம்பர் 4 முதல் புதிய விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தினாங்க. கூடப்பிறந்தவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அவர் தன் காலில் அந்த மண்ணில் நின்று, தன் பேரில், தன் பயத்தைச் சொல்லிக் கேட்கணும். சென்னையில் இருந்து விண்ணப்பிக்க வழியே கிடையாது.

இன்னொன்று. அண்ணனுக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்? மறுத்தால் பத்திபத்தியாகக் காரணம் எழுதுவாங்க. கொடுத்தால் 'உங்களுக்கு அகதி அந்தஸ்து வழங்கப்பட்டது', அவ்வளவுதான். அவர் சொன்னதில் எதை நம்பினாங்க என்று அதில் ஒரு வரி இருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் தம்பிக்கு என்ன நிரூபணம் ஆகும்?

வாணியாறு:
அங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள். ஹோம் ஆபீஸ் (பிரிட்டிஷ் உள்துறை) முதலிலேயே கொடுத்ததா, மறுத்து, பிறகு நீதிபதி அப்பீலில் கொடுத்தாரா என்று முதலில் பார்க்கணும். அப்பீலில் கிடைத்திருந்தால் காரணங்களோடு தீர்ப்பு இருக்கும். தேவசீலன் வழக்கு (2002, இலங்கைத் தமிழர் வழக்குதான்) சொன்ன விதி: முதல் நீதிபதியின் முடிவே இரண்டாவது நீதிபதிக்குத் தொடக்கப் புள்ளி. அது ஒரே ஆளின் இரண்டு அப்பீல் பற்றியது. 2007ல் சோமாலியர் ஒருவர் வழக்கில், ஆள் வேறாக இருந்தாலும் சம்பவமும் சான்றும் பெரிதும் ஒன்றாக இருந்தால் அந்த விதி பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 'இந்த வீட்டில் ராணுவம் தேடுதல் நடத்தியது உண்மை' என்று அண்ணன் தீர்ப்பில் இருந்தால், தம்பி அதை மறுபடி பூஜ்யத்தில் இருந்து நிரூபிக்க வேண்டாம்.

அண்ணன் தன் கோப்பைத் தானே ஹோம் ஆபீஸிடம் கேட்டு வாங்கலாம். கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதக் கெடு. 'என் கோப்பு' என்று மொட்டையாகக் கேட்காமல் முதல் விசாரணைப் பதிவு, பெரிய நேர்காணலின் வரிக்குவரிப் பதிவு, வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, தீர்ப்பு என்று பேர் சொல்லிக் கேட்கணும்.

பாம்பாறு:
அண்ணையவை ரெண்டு பேருக்கும் ஒண்டு சொல்லுறன். அந்தக் கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கலே தொடங்கும். நேர்காணலில சகோதரங்கள் எத்தனை பேர், பேர் என்ன, எங்க இருக்கினம் எண்டு கேட்டிருப்பினம். 2009ல 'தம்பி வன்னியில' எண்டு அண்ணன் சொல்லியிருக்க, தம்பியின்ர முகாம் பதிவில 2006ல ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில இறங்கினது எண்டு கிடந்தால்? ரெண்டில ஒண்டு பொய் எண்டுதான் எழுதுவினம்.

பேரைப் பாருங்கோ. இலங்கைப் பிறப்புச் சான்றில தகப்பன் பேர் 'தங்கராசா' எண்டு முழுசா முன்னுக்கு நிக்கும். இஞ்ச முகாம் அட்டையில அது 'த.' எண்ட ஒற்றை எழுத்தாகும், சில பதிவில 'தங்கராஜ்' ஆகும். வயசை மண்டபத்தில வாய்ச்சொல்லில எழுதினபடியால் ரெண்டு மூண்டு வருசம் கூடிக் குறைஞ்சிருக்கும். இதையெல்லாம் புறப்பட முதல் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது. திருத்தின தேதியே சந்தேகமாகும். வித்தியாசம் ஏன் வந்தது எண்டு வாக்குமூலத்திலயே எழுதிவிடோணும்.

எல்லாத்திலும் மோசமானது 'அண்ணன்' எண்ட சொல். சித்தப்பா மகனையும் பெரியம்மா மகனையும் நாங்கள் அண்ணன் எண்டுதான் சொல்லுறம். மொழிபெயர்ப்பாளர் கூடப்பிறந்தவர் எண்டு சொல்லிவிடுவார். பிறகு பிறப்புச் சான்றில தாய் தகப்பன் வேற. ஒரு சொல்லில கேஸ் விழுந்திடும். 'என் அப்பாவின் தம்பியின் மகன்' எண்டு முழுசாச் சொல்லிப் பழகோணும்.

காவேரிப்பட்டணம்:
பாம்பாறு சொன்னது கனடாவிலும் அப்படியே பொருந்தும். அமெரிக்கா வழியாகத் தரை எல்லைக்கு வந்தால் 2004 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள கனடா-அமெரிக்க ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடாவில் தகுதியான அந்தஸ்தோடு உறவினர் இருந்தால் விலக்கு உண்டு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மாமா, சித்தப்பா, அத்தை, கூடப்பிறந்தவரின் பிள்ளைகள் எல்லாம் அதில் வருவார்கள். சித்தப்பா வருவார், சித்தப்பா மகன் வரமாட்டார்! ஆனால் அந்த விலக்கு, தம்பியின் அசைலம் மனுவை விசாரிக்கக் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். முடிவு தம்பியின் சொந்தக் கேஸில்.

தென்பெண்ணை:
அண்ணன் பக்கத்தையும் பாருங்க. அவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கி, யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்த் தொந்தரவு இல்லாமல் திரும்பியிருந்தால், 'அவரையே ஒன்றும் செய்யவில்லை, உன்னை ஏன் தேடணும்?' என்பதுதான் முதல் கேள்வி. அதைவிட, தம்பி சொல்வது அண்ணன் அன்று சொன்னதோடு மோதினால் அண்ணன் அந்தஸ்தையே மறுபரிசீலனை செய்ய இடம் இருக்கு. பொய் சொல்லி வாங்கினது என்று தெரிந்தால் ரத்து பண்ணலாம். ஏஜென்ட் 'அண்ணன் கேஸை அப்படியே எழுதிடலாம்' என்று சொன்னால் ரெண்டு குடும்பத்துக்கும் ஆபத்து.

இன்றைய நிலவரமும் மாறிப்போச்சு. 2021ல் பிரிட்டனில் இலங்கை வழக்குகளுக்கு வந்த வழிகாட்டித் தீர்ப்பு, போருக்குப் பிந்தைய பிரிவினைச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவராக இலங்கை அரசு பார்க்குமா என்றுதான் கேட்கிறது. அதை எடைபோடச் சொன்ன ஆறு அம்சங்களில் குடும்பத் தொடர்பு ஒன்றுதான்.

வாணியாறு:
ஒன்று என்றாலும் பட்டியலில் இருக்கிறதே! ஆனால் அது மட்டும் தனியாக நிற்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முகாமில் இத்தனை வருஷம் இருந்தவரை 'இந்தியாவே போதுமே' என்று தள்ளுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடன்படிக்கையின் 1E பிரிவில் தள்ள, அந்த நாட்டில் குடிமகனுக்குரிய உரிமை இருக்கணும். முகாம்வாசிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டும் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை.

பாம்பாறு:
இஞ்ச பிறந்த பிள்ளைகள் கவனம். சென்னையில உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில பிறப்பைப் பதிஞ்சு குடியுரிமை எடுக்காத பிள்ளையை நாடற்றவர் எண்டு கணித்தால், 'முன்பு வசித்த நாட்டில் என்ன பயம்' எண்டு கேட்பினம். அது இந்தியா. அண்ணன் இலங்கையில பட்ட கதை அந்த இடத்தில உதவாது.

தென்பெண்ணை:
சரியான பாயிண்ட். கடைசியாக அண்ணன் சாட்சி பற்றி: கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தால் எடை குறைவு. அப்பீலில் அவரே வந்து உட்காரணும், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். ஒரே ஊரில் இருந்துகொண்டு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்பார். வருவதற்கு முன்னால் அவர் தன் பழைய நேர்காணல் பதிவை முழுசாப் படித்திருக்கணும்.