கடைசிக் கம்பத்து வீட்டுக்கு சோலார்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி அருகே, டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதூரத்தில், லைனின் கடைசிக் கம்பத்தில் எங்கள் வீடு இருப்பதால், சுற்றுவட்டாரப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 170தான் வருகிறது. ஃபேனின் இறக்கைகளை எண்ணிவிடலாம்.

2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு என்பதால், மொட்டைமாடியில் சோலார் பேனல் அமைக்க எண்ணியுள்ளோம். பகலில் அங்கேயே உற்பத்தியாகும் மின்சாரம் கடைசி முனையின் வோல்டேஜைச் சற்று உயர்த்தும் என்பது சரிதான். ஆனால், மின்தடை ஏற்பட்டால், கம்பத்தில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, மின்வாரிய லைனுடன் இணைந்தே இயங்கும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும் என்பதை எங்களிடம் வந்த விற்பனையாளர்கள் எவரும் சொல்லவில்லை.

ஆகவே, கடலூர், பண்ருட்டி பகுதிகளில் மின்தடையிலும் வீட்டுக்கு மின்சாரம் தரும், பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் பொருத்தியவர்கள், குறைந்த வோல்டேஜில் அது நின்று நின்று ஓடுகிறதா, 2011இல் வந்த ‘தானே’ புயல் போன்ற ஒன்றைத் தாங்கும்படி பேனல் ஸ்டாண்டை எவ்வாறு பிணைத்தீர்கள் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.