புதுப்பிப்பு: மூட்டுவலியுள்ள அம்மாவுடன் கன்னியாகுமரி

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டுவலி வேறு, படகு வரிசையில் நிற்காமல் விவேகானந்தர் பாறைக்குப் போக முடியுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

பலித்த யோசனை, "சூரிய உதயம் பார்த்ததும் அறைக்குத் திரும்பாதீர்கள், நேரே படகுத்துறைக்குப் போங்கள்" என்பதுதான். எட்டு மணிக்குத்தான் முதல் படகு. ஏழுக்கே போய் நின்றோம், இரண்டாவது படகில் இடம் கிடைத்தது. திரும்பும்போது பார்த்தால் வரிசை தெருவரை நீண்டிருந்தது.

விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலம் இருக்கிறது, 77 மீட்டர். 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. முன்பு கடல் தாழ்ந்தால் படகு சிலைப் பக்கம் போகாது. அந்தக் கவலை இனி இல்லை. அம்மா கண்ணாடியை மிதிக்க மாட்டேன் என்று கைப்பிடியை ஒட்டியே நடந்தார், கீழே அலை பாறையில் மோதிச் சிதறுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

எதிர்பாராதது ஒன்று: விவேகானந்தர் மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒன்பதரைக்கே கல் சுட்டது. காலுறை கொண்டுபோங்கள். சிலையின் உள்படிகளில் நான் மட்டும் ஏறினேன்.

அப்புறம், மாலைக்கு முட்டம் கடற்கரைக்குப் போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே செம்மண் மேடு, கரும்பாறை, கூட்டமே இல்லை. அம்மாவுக்குக் குமரியைவிட அதுதான் பிடித்ததாம்.