ஆடறுப்பில் மயக்கம் கட்டாயமா, கத்தி போதாதா?

உப்பளத்தான்:
ஆடறுக்கிற முறையைப் பற்றிக் கேட்டால், பக்ரீத் வந்தாலும் கோயில் கொடை வந்தாலும் "பிரிவு 28 இருக்கு, யாரும் கேட்க முடியாது" என்பதே பதிலாக வருகிறது. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவு, ஒரு சமயம் கேட்கிற முறையில் பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. விலக்கு முறைக்குத்தான். இடத்துக்கு விலக்கு எங்கே இருக்கிறது? 2001-இல் வந்த அறுப்புக்கூட விதிகளில் 3-ஆவது விதி, நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடம் தவிர வேறெங்கும் அறுக்கக் கூடாது என்கிறது. கீழக்கரை, ராமேஸ்வரம், ராமநாதபுரம் மூன்றும் நகராட்சி. சினையாடு, மூன்று மாதம் நிறையாத குட்டி, அப்படிப்பட்ட குட்டி வைத்திருக்கிற தாய், மருத்துவர் சான்று இல்லாத ஆடு எதையும் அறுக்கக் கூடாது. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுப்பதும் கூடாது. இதோடு மின்சாரத்தால் மயக்கிய பிறகே கத்தி வைக்க வேண்டும் என்பதையும் கண்டிப்பாக்க வேண்டும் என்பது என் கட்சி.

கத்திமுனை:
அண்ணே, விதியைப் பாதியில நிறுத்திட்டீங்க. அதே விதிகள்ல 'அறுப்புக்கூடம்'னா நாளைக்கு 10 அல்லது அதுக்கு மேல அறுக்கிற இடம். மயக்கறதுக்குத் தனி இடம் வேணும்னு சொல்ற வரியில "கூடிய விரைவில்"னு ஒரு சொல் உட்கார்ந்திருக்கு. 2001-லேருந்து அந்த விரைவு இன்னும் வரலை. சட்டத்துல அபராதம் எவ்வளவு தெரியுமா? பிராணியை வதைச்சா பிரிவு 11-ல முதல் தடவை 10 ரூபாய்லேருந்து 50 ரூபாய். கிடாவைக் கட்டுற கயிறே அதைவிட விலை.

மயக்கத்துக்கு வருவோம். தலையில் மட்டும் கொடுக்கிற மின்மயக்கத்துக்கு ஆட்டுக்குக் குறைஞ்சது 1 ஆம்பியர் வேணும், மின்சாரம் பாய்ச்சற இடுக்கியைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கணும், சுமார் 3 விநாடி. ரோமம் தடையா நின்னா மின்சாரம் மூளைக்குப் போகாது. குறைஞ்ச மின்சாரம் போனா ஆடு விறைச்சு அசையாம கிடக்கும், ஆனா நினைவு இருக்கும். வலிக்குது, கத்த முடியலை. இதைவிடக் கொடுமை வேற இல்லை. நம்ம கரையில உப்புக்காத்து இடுக்கியோட முனையைத் துருப்பிடிக்க வைக்கும், துருவே தடையாயிடும். தொண்டியிலயும் மண்டபத்துலயும் அதை யார் தினம் தேய்ச்சு அளந்து பார்ப்பாங்க?

பெரியபட்டினத்தான்:
உப்பளத்தான் சொல்ற மாதிரி மயக்கம் வந்தா அது ஹலால் இல்லைன்னு அடிச்சுச் சொல்ற ஆள் நான் இல்லை. மலேசியாவின் ஹலால் தரம், மீளக்கூடிய மயக்கத்தை ஒப்புக்கொள்கிறது. நெஞ்சு துடிச்சுக்கிட்டே இருக்கணும், அறுக்காமல் விட்டால் ஆடு தானா எழுந்து நிக்கணும், அதுதான் நிபந்தனை. ஆனா அதை நம்ம ஊர்ல எழுதி வாங்கிட்டு யாராவது செய்றாங்களா? எழுந்திரிக்குமான்னு பார்க்கிற ஆள் கிடையாது. மயக்கத்திலேயே செத்துப்போச்சுன்னா கறி எங்களுக்கு ஆகாது. அந்தச் சந்தேகம் இருக்கிறவரை ஜனம் கூடத்துக்குள்ள வராது, வீட்டுக் கொல்லையிலதான் அறுக்கும்.

உப்பளத்தான்:
கத்திமுனை, இடுக்கி துருப்பிடிக்கும் என்றால் கத்தியும் துருப்பிடிக்கும். கார்பன் எஃகுக் கத்தியை எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி விட்டால் முனையில் பொடிப்பொடியாகப் பள்ளம் விழும், பற்கள் மாதிரி. அந்தக் கத்தி அறுக்காது, கிழிக்கும். கத்திமட்டும் சரியாக இருந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

கத்திமுனை:
நம்பிக்கை இல்லைண்ணே, சோதனை. ஒரு தாளை ஒரு மூலையில பிடிச்சுத் தொங்கவிடுங்க. விளிம்புல கத்தியை வச்சா மடங்காம, கிழியாம வெட்டணும். காலையில ஒரு தடவை, நடுவுல நாலஞ்சு ஆட்டுக்கு ஒரு தடவை பார்த்தா போதும். நீளம் கழுத்தகலத்துக்கு ரெண்டு மடங்காவது இருக்கணும், இல்லைன்னா முனை காயத்துக்குள்ள போய்க் குத்தும். எடுத்து எடுத்து வைக்காம ஒரே இழுப்பு. மூச்சுக்குழல், உணவுக்குழல், ரெண்டு பக்கத்துப் பெரிய தமனி, பெரிய சிரை எல்லாம் அந்த இழுப்பிலேயே போகணும். அப்படிப் போனா ஆட்டுக்குப் பெரும்பாலும் 20 விநாடிக்குள்ள நினைவு போயிடும். ஒரு பக்கத்துத் தமனி தப்பிச்சா நேரம் நீளும். மாட்டுக்கு இந்தக் கணக்கு வராது. கழுத்தெலும்புக்குள்ள ஓடுற தமனி வழியா மூளைக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், அறுந்த தமனியோட முனையும் உறைஞ்சு அடைச்சுக்கும். அதனால மாட்டுக்கு மயக்கம் வேணும்னு நீங்க சொன்னா நான் எதிர்க்க மாட்டேன்.

பெரும்பாலான கொடுமை கத்திக்குப் பிறகு நடக்குது. அறுத்த கையோட தோல் உரிக்க ஆரம்பிக்கிறாங்க. இங்கிலாந்துல மயக்காம அறுத்த ஆட்டை 20 விநாடிக்கு முன்னால நகர்த்தவே கூடாதுன்னு சட்டம். நம்ம விதியில அப்படி ஒரு எண் கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். கண்ணுல விரலை வச்சா இமை அசையக்கூடாது, சீரான மூச்சு நின்னிருக்கணும், அதுக்கப்புறம்தான் உரிக்கிற கத்தி.

சாயல்குடி:
கொடையில் அரிவாளால் ஒரே வெட்டில் தலை போகிற கிடாவுக்கு இந்த வாதம் ரெண்டும் பொருந்தவில்லையே. வெட்டு சரியாக விழுந்தால் தண்டுவடமும் தமனியும் ஒருசேரப் போய்விடும், மூளைக்கு மிஞ்சுவது சில விநாடிதான். தப்புவது எப்போது என்றால் ஆள் களைத்த பிறகு. இருபது கிடாவுக்கு ஒரே ஆள், ஒரே அரிவாள், கிடாக்கள் வரிசையில் பார்த்துக்கொண்டே நிற்கின்றன. கண்ணெதிரே கூடாது என்று விதி சொல்வது கூடத்துக்குள்ளே. கோயில் திடலுக்கு ஒரு சாக்குத் தட்டி கட்டினால் என்ன குறைந்துவிடும்?

பெரியபட்டினத்தான்:
தட்டி நல்ல யோசனை. எங்க மார்க்கத்திலும் ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது. மூன்று காலைக் கட்டி ஒரு காலை உதைக்க விடுவதும் அதற்காகத்தான், நாலையும் இறுக்கினால் திமிறல் கழுத்துக்கு ஏறும், கத்தி வழுக்கும்.

ஆனா உப்பளத்தான் சார், கூடத்துக்குத்தான் வரணும்னா கணக்கைப் பாருங்க. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளைக்கு 96 ஆட்டுக்கு மேல பரிசோதிக்கக் கூடாதுன்னு அதே விதிகள்ல இருக்கு. பெருநாளன்று ஓர் ஊரில் 500 கிடான்னு வச்சுக்குங்க, ஆறு மருத்துவர் வேணும். குர்பானியை அடுத்த நாளும் கொடுக்கலாம்னாலும் ஜனம் முதல் நாள்தான் கேட்கும்.

உப்பளத்தான்:
96-க்காகச் சான்றையே கைவிடலாமா? முந்தின நாளே கிடாவைக் கொண்டுவந்து பார்க்கச் சொல்லலாம். ஓய்வும் கிடைக்கும். வண்டியில் வந்த ராமநாதபுரம் வெள்ளை இனச் செம்மறியை, இறக்கியதும் அறுத்தால் கறி கறுத்து ஒட்டும், ஓட்டத்தில் தசைச் சர்க்கரை தீர்ந்துபோவதால். ஐந்து டன் லாரியில் 40 ஆட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ராத்திரி முழுக்க இரை வேண்டாம், தண்ணீர் மட்டும் நிறுத்தக் கூடாது. உப்பு ஆழ்துளைத் தண்ணீரை வைத்தால் ஆடு முகர்ந்துவிட்டு நின்றுவிடும், குடித்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

மயக்கத்தை நான் விடவில்லை. ஆட்டுக்கு 20 விநாடி சட்டத்தில் வரட்டும், அதற்கு மேலும் கண் அசைகிற கூடத்துக்கு இடுக்கி கட்டாயம்.

கத்திமுனை:
யார் கண்ணைத் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கிறது, அதைச் சொல்லுங்க முதல்ல.