‘புஸ்’ என்று போன தோட்டாவுக்குப் பிறகு குழலில் வீக்கம்: இனிச் சுடலாமா?

கேள்வி
என்னுடையது 12 போர் (bore, குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. களிமண் தட்டு சுடும் பயிற்சிக்காக, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாக்களை வாங்கினேன். ஒன்று வெடிக்காமல் ‘புஸ்’ என்று போனது. குறி தவறிவிட்டது என்று நினைத்து, அதே குழலில் அடுத்ததைப் போட்டுச் சுட்டேன். தோளில் ஓங்கி உதைத்தது. வீட்டில் துடைக்கும்போது குழலின் நடுவே விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படுகிறது. உள்ளே விளக்கடித்தால் கறுப்பு வளையம். மிச்சமிருக்கும் 40 தோட்டாக்களைக் குலுக்கிப் பார்த்து நல்லதைப் பிரிக்கலாமா?

பதில் 1
அந்தப் ‘புஸ்’தான் வினை. வெடிமருந்து குறைந்தாலோ, ஈரம் பட்டாலோ, தோட்டாவின் வாய் மடிப்பு தளர்ந்திருந்தாலோ அழுத்தம் சேராது. தக்கை (மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த தோட்டாவின் குண்டுகள் அதில் போய் மோதிய இடத்தில்தான் குழல் ஊதியிருக்கிறது. பிளக்காமல் வீக்கத்தோடு நின்றதே பெரிது. உங்கள் இடது கை அதன் அடியில்தானே இருந்தது? துப்பாக்கியைக் கட்டி வைத்துவிட்டு, அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்
அதுவரை மற்றக் குழலை மட்டும் பயன்படுத்தினால்?

பதில் 1
வேண்டாம் ஐயா. இரண்டும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டவை. ஒன்று வீங்கினால் இணைப்பும் விட்டிருக்கலாம்.

பதில் 2
குலுக்கிப் பார்ப்பது வீண். மருந்து தக்கைக்கு அடியில் கிடக்கிறது. இல்லாததும் இரட்டிப்பாக விழுந்ததும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் இருக்கும். நாற்பதில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள்.

இனி ஓசையோ உதையோ மாறினால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து 30 விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கம் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கூடவே ஒன்று: பையில் 20 போர் தோட்டா கலந்தாலும் இதே கதிதான். அது 12 போரைவிட ஒல்லி; தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி முன்னே நழுவிச் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நம்பி அதன் பின்னால் 12 போரையும் போட முடியும். 20 போருக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் கொடுப்பதே இதற்காகத்தான்.

கேட்டவர்
நிரப்பியவரிடம் இன்று கேட்டேன். நடுவில் தொலைபேசி வந்ததாம். எந்தத் தோட்டாவில் விட்டார் என்பது நினைவில்லையாம். தராசும் இல்லையாம்.